ஐந்து மணிச் சீரியலும் எங்கள் வீட்டுக் கதவும்

ஒரு மாதத்துக்கு முன் இந்தப் பத்தியில் ஒரு பிழை விட்டேன். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிரெஞ்சுச் சனலில் போகிற அந்தக் குடியேறிக் குடும்பத்துச் சீரியலைப் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் "நீங்களும் பார்க்கிறீர்களா? என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தேன். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டது. நீங்கள் விடுவீர்களா? கடிதம் மேல் கடிதம். வீட்டு நம்பர் தெரிந்தவர்கள் ரெலிபோனிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

பார்க்காதவர்களுக்கு இரண்டு வரி. குதிரை வண்டிக் காலத்துக் கதை. ஒரு தகப்பன், தாய், ஐந்து பிள்ளைகள், ஒரு கிழக் குதிரை. காட்டோரமாக ஆற்றங்கரையில் மரவீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். ஓநாய் வரும், பனிப்புயல் வரும், காய்ச்சல் வரும். வருடக்கணக்காக ஓடி முடிந்து, இப்போது திரும்பவும் முதலில் இருந்து ஓடுகிறது. ஆங்கிலத்தில் எடுத்ததைப் பிரெஞ்சில் பேச வைத்திருக்கிறார்கள். நிறுத்தி நிதானமாகப் பேசுவதால் பிரெஞ்சு படிக்க நல்லது என்று என் வகுப்பு ரீச்சர் சொன்னார். அப்படித்தான் நான் பார்க்கத் தொடங்கினேன். பக்கத்தில் மகள் துளசி இருப்பாள். ஒன்பது வயது. எனக்கு விளங்காததை அவள்தான் சொல்லித் தருவாள்.

நான் எதிர்பார்த்தது என்ன? தாய்க்காரி நல்லவள், பிள்ளைகள் அடக்கம், எங்கள் சீரியல்களைப்போல மாமியார் சதி இல்லை... இப்படித்தான் எழுதுவீர்கள் என்று நினைத்தேன்.

மொன்றியலுக்கு ஆற்றுக்கு அப்பால், லொங்குய்யில் இருந்து சரோ அக்கா ரெலிபோன் எடுத்தார். என்னுடைய பத்தி வெளிவந்தால் அன்றைக்கே குறை சொல்ல எடுப்பவர்.

"பிள்ளை, அந்த வீட்டுக்குப் பின்கதவு இல்லை. கவனிச்சனியோ?"

"இல்லை அக்கா."

"முன்னுக்கு ஆரும் வந்தாங்கள் எண்டால் அஞ்சு பிள்ளையளையும் கொண்டு எங்காலை ஓடுறது? வீடு கட்டத் தெரிஞ்ச மனுசனுக்கு இது தெரியாதோ?"

அன்றைக்கு ஐந்து மணிக்கு நான் கதையைப் பார்க்கவில்லை. பின்கதவைத் தேடினேன். அக்கா சொன்னது சரி. இல்லை.

நகரத்தின் வடக்குப் பக்கம், அஹுன்ட்சிக்கில் இருந்து ஒரு ஐயா எடுத்தார். திருகோணமலைக்காரர், ஓய்வு பெற்றவர். "தங்கச்சி, எல்லாரும் அந்தக் குடும்பத்தைப் பாத்துப் பாவம் எண்டுதான் சொல்லுவினம். எனக்கு ஒரு கேள்விதான். அந்தக் காணி முந்தி ஆரின்ர காணி? எங்கட பக்கமும் அப்பிடி வந்து இறங்கி, வேலி போட்டு, இது எங்கட ஊர் எண்டு சொன்ன ஆக்களை நான் கண்டிருக்கிறன். ரீவியில காட்டினால் அவையும் நல்ல குடும்பமாத்தான் இருப்பினம்." ஓம் ஐயா, ஓம் ஐயா என்று சொல்லிக்கொண்டு நின்றேன்.

ஆனால் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. யாராவது தட்டினால் அந்தத் தகப்பன் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிடுகிறார். எந்த நேரம் என்றாலும் சரி. "ஆர்?" என்று ஒரு சொல் கேட்பதில்லை. விளக்கைத் தணிப்பதில்லை. அவர் தாழ்ப்பாளில் கை வைக்கிற நேரம் நான் கண்ணை மூடிக்கொள்வேன் என்று வில்லரேயில் இருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். இங்கே எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெரு!

வாசித்துச் சிரித்தேன். பகிடியாக ஒரு பத்தி எழுதலாம் என்று குறிப்பும் எடுத்து வைத்தேன். அந்தக் குறிப்பைப் பிறகு கிழித்துவிட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. வெளியே மைனஸ் இருபத்தேழு, அதற்கு மேல் காற்று. ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. இவர் வேலைக்குப் போயிருந்தார். எங்கள் வீடு மேல்மாடி. தெருவில் இருந்து வளைந்து ஏறுகிற இரும்புப் படியால்தான் வரவேண்டும். கீழ்வீட்டில் ஒரு பிரெஞ்சுக்கார மடாம் தனியாக இருக்கிறார். எழுபது தாண்டியவர். கண்டால் "பொன்ஜூர்" சொல்வோம், அவ்வளவுதான் பழக்கம்.

சீரியல் தொடங்கிக் கொஞ்ச நேரம். அங்கேயும் பனிப்புயல். அப்போது எங்கள் இரும்புப் படியில் காலடிச் சத்தம்.

எங்கள் ஆட்கள் வந்தால் முதலில் ரெலிபோன் எடுப்பார்கள். இல்லையென்றால் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். சொல்லாமல் வந்து கதவைத் தட்ட மாட்டார்கள். இது எங்களுக்குள் யாரும் எழுதி வைக்காத சட்டம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

கதவு தட்டப்பட்டது. ஐந்து தட்டு. கொஞ்சம் விட்டு, மூன்று.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாக ரிமோட்டுக்குப் போனது. சத்தத்தை நிறுத்தினேன். லைட்டை அணைத்தேன். துளசியை இழுத்து மடியில் போட்டு, அவள் வாயைப் பொத்தினேன். பிறகு இரண்டு பேரும் சோபாவுக்குப் பின்னால் நிலத்தில் இருந்தோம்.

பயந்துவிட்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன். மொன்றியலில், ஹீற்றர் போட்ட வீட்டில், இரண்டு பூட்டுப் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்துகொண்டு பயந்தேன்.

ஊரில், சண்டைக் காலத்தில், ஒருநாள் இப்படி இருட்டின நேரம் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அம்மா ரேடியோவை நிறுத்தினார், விளக்கை ஊதி அணைத்தார், என் வாயைப் பொத்தினார். திறக்காவிட்டால் கதவை உடைப்பார்கள் என்று சொல்லி அண்ணை எழும்பிப் போய்த் திறந்தார். நாங்கள் அண்ணையைக் கடைசியாகக் கண்டது அந்த வாசலில்தான். அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் தட்டின கதவைத் திறந்ததில்லை.

வெளியே காற்று ஊதியது. என்னவோ ஒரு குரல், சொல் விளங்கவில்லை. திரும்பவும் ஒரு தட்டு, மெதுவாக. துளசி என் கையை விலக்கப் பார்த்தாள். நான் இன்னும் இறுக்கினேன். ரீவியில் சத்தமில்லாமல் அந்தத் தகப்பன் எழும்பி, கதவைத் திறந்து, பனிக்குள் நின்ற யாரோ ஒருவரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு படியில் காலடி இறங்கியது. பாதியில் ஏதோ சறுக்கி விழுந்த சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. சீரியல் முடிந்து விளம்பரம் போனது. கையை எடுத்தேன். துளசி ஓடிப்போய்த் திரையை விலக்கிக் கீழே பார்த்தாள்.

"அம்மா, மடாம் படியில இருக்கிறா. சப்பாத்து இல்லை."

குப்பைப் பையை வெளியே வைக்க வீட்டு உடுப்போடும் சிலிப்பரோடும் வந்திருக்கிறார். காற்றுக்குக் கதவு அடித்துப் பூட்டிக்கொண்டது. திறப்புக் கொத்து உள்ளே. பக்கத்து வீடுகளில் ஆட்கள் வேலையால் இன்னும் வீடு திரும்பவில்லை, எல்லாம் இருட்டு. நாங்கள் கீழே ஓடியபோது கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கீழ்ப்படியில் இருந்தார். குளிர் நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து கம்பளியால் சுற்றினோம். துளசிதான் அம்புலன்ஸுக்கு எடுத்துப் பிரெஞ்சில் கதைத்தாள். நான் மடாமின் விரல்களை என் கைக்குள் வைத்துக்கொண்டு, கந்தா கந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்புலன்ஸ் போன பிறகு துளசி சொன்னாள். "படியில வரேக்கையே எனக்குத் தெரியும். அந்தச் சிலிப்பர் சத்தம் மடாமின்ரை. சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை."

நான் நிலத்தில் கிடந்த கம்பளியை எடுத்து மடித்தேன்.

மடாம் பிழைத்துவிட்டார். எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். இரண்டு விரல் நுனிக்கு இன்னும் உணர்வு வரவில்லை, வருமா என்று டாக்டருக்கே தெரியாது. நானும் துளசியும் சூப் வைத்துக்கொண்டு கீழே போனோம். மடாம் கட்டுப்போட்ட கையால் சைகை காட்டி, ரீவியைக் காட்டி, நிறையக் கதைத்தார். சிரித்துக்கொண்டுதான் கதைத்தார். துளசி கேட்டுக்கொண்டு நின்றாள்.

"என்ன சொல்லுறா?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு."

"தானும் அந்த சீரியல்தான் பாக்கிறவவாம். மேலை அதே சத்தம் கேட்டதாம், அதாலை நாங்கள் வீட்டிலை நிக்கிறம் எண்டு தெரிஞ்சு ஏறி வந்தவவாம். தட்டினவவாம்." துளசி என்னைப் பார்க்கவில்லை. "தட்டினவுடனை சத்தம் நிண்டிட்டுதாம்."

மடாமின் குரலில் குறை இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆனால் அதை மறுத்து நான் என்ன சொல்ல? வீட்டில் இல்லை என்றா? நித்திரை என்றா? எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதற்குக் காணாது. அதனால் துளசியிடமே சொன்னேன். ஊரில் தட்டினது, அம்மா விளக்கை அணைத்தது, அண்ணை திறந்தது. வரி வரியாக நான் தமிழில் சொல்ல, அவள் பிரெஞ்சில் சொன்னாள். நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டாள்.

"எனக்கு மாமா இருந்தவரோ?"

இருந்தார் என்று சொன்னேன். அதையும் அவள் மொழிபெயர்த்தாள். மடாம் கட்டுப்போட்ட கையைத் தூக்கி என் கையின் மேல் வைத்தார்.

உங்களில் பலர் "சரி, உங்களுடைய கருத்து என்ன?" என்று கேட்டிருந்தீர்கள். என் கருத்து இதுதான். அந்தத் தகப்பன் செய்வது சரி. பின்கதவு இல்லாத வீட்டில் இருந்துகொண்டு, அடுத்த வீடு கண்ணுக்கே தெரியாத இடத்தில், அவர் திறக்கிறார். அவருக்கும் பயம் இருந்திருக்கும். அதை நான் இனித்தான் பழகவேண்டும்.

போன வியாழக்கிழமை பழகிப் பார்த்தேன். ஐந்தேகால் இருக்கும். கதவு தட்டப்பட்டது. எழும்பிப் போனேன். யாரென்று கேட்கவில்லை. திறந்தேன். மடாம் நின்றார், கையில் பேப்பரில் சுற்றிய கேக். சேர்ந்து சீரியல் பார்க்க வந்திருக்கிறார்.

பெருமையோடு திரும்பினேன், துளசிக்குக் காட்ட. ரீவியில் சத்தம் இல்லை. லைட் அணைந்திருந்தது. சோபாவுக்குப் பின்னால் அவள் இருந்தாள், தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு.

சொல்ல மறந்துவிட்டேன்... துளசி பிறந்தது இங்கே, மொன்றியலில்.