என் நொதியின் இரும்பைத் தின்ற பாட்டில்

"உன் கை சரியில்லம்மா." எங்கள் ஆய்வகத் தலைவர் திங்கட்கிழமைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்துச் சொன்னது இது. எப்போதோ பெங்களூரில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பம் அவருடையது. வாட்ச்மேனிடம் கன்னடம், எங்களிடம் ஆங்கிலம். என்னைத் திட்டுவதற்கு மட்டும் எங்கிருந்தோ தமிழ் வந்துவிடும்.

நான் இதே ஊரின் ஆஸ்டின் டவுன் சந்துகளில் வளர்ந்த பெண். அம்மா ஆபீஸ்களில் தரை துடைத்தாள், அப்பா லாரிக்கு லோடு ஏற்றினார். கையை நம்பியே பிழைத்த வீட்டில் பிறந்தவளிடம் கை சரியில்லை என்றால் எப்படி இருக்கும்? அது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

என் வேலை, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி, அதாவது என்ஸைம். அதன் நடுவில் இரண்டு இரும்பு அணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஆக்சிஜன் வந்தால் இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், கரைசல் நீலமாகும். ஒரு இரும்பு போனாலும் வேலை நடக்காது. காற்றுப் புகாத பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய ரப்பர் கையுறைகளில் கையை விட்டு, நொதிக்கு இரும்பு ஏற்றி, ஒட்டாத மிச்ச இரும்பைப் பஃபர் கரைசலால் கழுவி, கடைசியில் காற்றைக் காட்டுவேன். மாதக்கணக்கில் செய்தேன். ஒருமுறைகூட நீலம் வரவில்லை.

"இந்த என்ஸைம புது ஸ்டூடண்ட்கிட்ட குடுத்துடலாம். நீ வேற ஏதாவது ஈஸியா பண்ணு" என்று கூட்டத்தை முடித்தார். அன்று வீட்டுக்குப் போகும் பஸ் தொம்மலூர் சிக்னலில் நின்ற நேரம் முழுக்க என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானே அவரை நம்பத் தொடங்கியிருந்தேன், அதுதான் கொடுமை.

அந்த வாரமே ஒரு மதியம், சீனியர் அக்கா எல்லாருக்குமாகக் கழுவும் பஃபர் தயாரித்துக்கொண்டிருந்தார். ஆய்வகம் முழுக்க அந்த ஒரே பெரிய பாட்டிலிலிருந்துதான் எடுப்போம். மேலே ‘வாஷ் பஃபர்’ என்று மட்டும் எழுதியிருக்கும். கடைசியாகச் சின்ன பாட்டிலிலிருந்து எதையோ ஊற்றினார்.

"என்னக்கா அது?"

"ஈ.டி.டி.ஏ. தான்டி. ப்ரோட்டீன் கெட்டுப்போகக் கூடாதுன்னு எல்லா பஃபர்லயும் போடுவோமே. சாரே சொல்லிக் குடுத்தது."

உலோகத்தைப் பிடித்து இழுப்பதுதான் அந்த ஈ.டி.டி.ஏ.வின் வேலையே. மற்றவர்களின் புரதங்களுக்கு உலோகம் தேவையில்லை, அதனால் நல்லது. என் நொதிக்கு இரும்புதான் உயிர். நான் பாடுபட்டு ஏற்றிய இரும்பை அந்த பாட்டில் ஒவ்வொரு முறையும் உருவிக்கொண்டிருந்திருக்கிறது. அக்காவிடம் சொன்னேன்.

"ஐயோ, உன்னோடதுல இரும்பு இருக்குல்ல? எனக்குத் தோணவே இல்லடி" என்று அக்கா வாயில் கை வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. இரும்பு நொதியை என் தலையில் கட்டிய மனிதருக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்!

எனக்கென்று தனியாக, ஈ.டி.டி.ஏ. இல்லாமல் பஃபர் தயாரித்தேன். காற்றுப் பட்டதும் நீலம் வந்தது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத் தண்ணீர் மாதிரி, தெளிவான நீலம். சோதனைக் குழாயோடு தலைவரின் அறைக்கு ஓடினேன்.

"வெரி குட். பாத்தியா, கேர்ஃபுல்லா பண்ணா வருது" என்றார்.

"கேர்ஃபுல்லாதான் சார் முன்னாடியும் பண்ணேன். பஃபர்ல ஈ.டி.டி.ஏ. இருந்தது. நீங்க சொல்லிக் குடுத்த வழக்கம்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. "சரி, சரி. சைன்ஸ்ல இதெல்லாம் சகஜம். என்ஸைம நீயே வெச்சுக்கோ."

என்ன தாராளம்! என்னுடையதைப் பிடுங்கப் பார்த்தவர், இப்போது எனக்கே தானம் கொடுக்கிறார். "கை சரியில்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார். அத எல்லார் முன்னாடியும் வாபஸ் வாங்குங்க" என்றேன்.

"அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா."

மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? அடுத்த திங்கட்கிழமை, காற்றுப் படாமல் மூடிய குழாயில் இன்னும் நிறம் மாறாத நொதியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். என் முறை வந்ததும் மூடியைத் திறந்து மெல்ல ஆட்டினேன். எல்லார் கண் முன்னாலும் நீலம் பரவியது. அக்கா முதலில் கைதட்டினார், பிறகு எல்லாரும். தலைவரும் தட்டினார். சொன்னதை மட்டும் வாபஸ் வாங்கவில்லை.

குழாயை அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"பாத்துக்குங்க சார். அதே கைதான்."

அவர் அடுத்த ஆளைப் பேசச் சொன்னார்.