டொக்டரிடம் சொன்ன பொய்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எங்கள் ஊரான சரவணையில், கோயில் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வரத் தொடங்குகிற நேரம். பூட்டிக் கிடக்கும் மூன்று வீடுகளின் திறப்புக் கொத்து என்னிடம் இருந்தது. அவர்கள் வருமுன் கூட்டித் துடைத்து வைக்கவேண்டும். சம்பளத்துக்குத்தான் செய்தேன். ஆனால் யாராவது கேட்டால், "சொந்தக்காரரின்ர வீடு, சும்மா ஒருக்கா எட்டிப் பாக்கிறனான்" என்பேன். ஒரு காலத்தில் வீட்டைச் சுற்றி வளவு கூட்டவே ஆள் வைத்திருந்த குடும்பம் எங்களது என்ற வீண் பெருமை எனக்கு.

அதில் ஒரு வீட்டில் புறாக்கள் குடியேறி, அறை முழுக்க எச்சம் காய்ந்து கிடந்தது. காலையில் கூட்டினேன். பின்னேரம் காய்ச்சலும் இருமலும் வந்து, நாலடி நடக்கவே மூச்சு வாங்கியது. யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலையில் மூன்று நாள் இருந்ததும் சுகமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து மிச்சத்தைக் கூட்டினேன். திரும்பவும் வார்ட். சுகமாகி வந்து மறுபடியும் கூட்டினேன். மூன்றாம் முறை போனபோது ஒட்சிசன் வைத்தார்கள்.

"தூசிக்குள்ள ஏதும் வேலை செய்யிறனீங்களோ?" என்று இளம் பெண் டொக்டர் முதல் இரண்டு முறையும் கேட்டிருந்தார். இந்த முறையும் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "இல்லை, வீட்டிலதான் இருக்கிறனான்" என்றேன்.

டொக்டர் கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். "அக்கா, கிருமி ஒண்டும் பிடிபடேல்லை. எல்லாருக்கும் நுரையீரலுக்கு உள்பக்கம் மெல்லிசாக் கலங்கள், செல் எண்டு சொல்லுறது, படலமா இருக்கு. அதுகள் சும்மா சுவர் இல்லை. கூடாத சாமான் வந்து பட்டால், எதிர்ப்புக் கலங்களைக் கூப்பிடுறதும், ஆர் வரவேணும் எண்டு சொல்லுறதும் அதுகள்தான். உங்களுக்குள்ள அதுகள் எதையோ கண்டு திரும்பத் திரும்பக் கூப்பிடுது. வாற பட்டாளம் உங்கட நுரையீரலையே புண்ணாக்குது. இப்பிடியே போனால் தழும்பாகி இறுகிடும். பிறகு எங்களாலயும் ஒண்டும் செய்ய ஏலாது."

கண்ணுக்குத் தெரியாத கலங்கள்கூட ஆபத்தென்றால் வாய்விட்டுச் சொல்கின்றன, நான் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன் என்று தோன்றியது. பயம் பிடித்துக்கொண்டது. கண்ணை மூடியபடி சொன்னேன். "மூண்டு வீடு கூட்டுறனான், டொக்டர். சம்பளத்துக்கு. ஒண்டில நிறையப் புறா எச்சம்."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்தாள். "அது எங்கட ஊருக்கே தெரியுமே அக்கா. டொக்டருக்குத்தான் தெரியாமல் கிடந்தது."

மருந்து மாறியது. மூச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. இப்போதும் வீடு கூட்டுகிறேன், கேட்டால் அப்படியே சொல்கிறேன். அந்தப் புறா வீட்டுத் திறப்பை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் படியேறினால் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது. ஊர் முழுக்கத் தெரிந்த ஒன்றை, தெரியவேண்டிய ஒரே ஆளிடம் மறைத்து என் மூச்சையே கொடுக்கப் பார்த்தேனே என்று அப்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.