கூடத்துக்கு வந்த வீடியோ கேம் பெட்டி

சின்ன யானை வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எதிர்வீட்டு ரத்தினம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். வண்டியில் ஆறடி நீளத்துக்கு ஒரு பெட்டி படுத்துக் கிடந்தது. மேலே ஒரு பழைய போர்வை. வண்டி இளவரசு வீட்டு முன்னால் நின்றதும் அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "யாருக்குப்பா? காலையிலகூட எல்லாரும் நல்லாத்தான இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஐஸ் பெட்டி இல்லக்கா, வீடியோ கேம் மிசினு" என்றான் வண்டி ஓட்டிய சாமிக்கண்ணு. "அண்ணன் சிதம்பரத்துலேருந்து கொண்டாந்திருக்காரு. இதுல யாரும் படுக்க வேணாம், நின்னுக்கிட்டே ஆடலாம்."

அது 2008ஆம் வருடம், ஆடி மாதம். இளவரசு திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையில் டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினேழு வருடங்கள் ஆகியிருந்தன. குறிஞ்சிப்பாடிப் பக்கம் கரும்பு போடுகிற குடும்பம். கரும்பு வெட்ட ஆள் பேசப் போன அப்பா திரும்பி வருவதற்குள் வீட்டு ரேடியோவைக் கழற்றிப் பாயில் பரப்பி வைத்த பையன். அடி வாங்கினான். ஆனால் மறுநாள் ரேடியோ பாடியது. பிறகு தபாலில் பாடம் வாங்கிப் படித்தான். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லாததால் தனக்குத் தானே சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டான். கழற்றிய திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தெர்மாகோல் அட்டையில் குத்தி வைப்பான். என்ன வேலை செய்தான் என்பதைத் தேதியோடு மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பான்.

அன்று அவன் சிதம்பரத்துக்குப் போனது பழைய பிக்சர் ட்யூப் இரண்டு கிடைக்குமா என்று பார்க்கத்தான். தெற்கு வீதியில் பல வருடம் வீடியோ கேம் கடை நடத்தி மூடிவிட்ட சூர்யநாராயணன் வீட்டில் அவை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தான். ட்யூப் இல்லை. ஒரே ஒரு பெட்டி மட்டும் மாடிப்படிக்கு அடியில் நின்றது. "எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, எலிதான் குடியிருக்கு" என்றார் அவர். எதற்காகச் சரி என்று சொன்னான் என்பது அவனுக்கே விளங்கவில்லை. அவனிடம் வந்த ஆயிரக்கணக்கான டி.வி.க்களும் யாரோ ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போக வேண்டியவை. இதை யாரும் தேடி வரமாட்டார்கள். அவ்வளவுதான் அவனால் யோசிக்க முடிந்தது.

வாசல் நிலை குட்டையாக இருந்தது. இரண்டு கதவையும் கழற்றி, பெட்டியைச் சாய்த்து, நான்கு பேர் சேர்ந்து உள்ளே நகர்த்தினார்கள். கூடத்தில் எர்த் சரியாக உள்ள ஒரே பிளக் பாயின்ட் மூலையில் இருந்தது. அங்கே அவன் மனைவி சந்திரலேகாவின் கிரைண்டர் இருந்தது. நாலு தெருவுக்கு இட்லி மாவு அவளுடையது. கிரைண்டர் பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் போயிற்று.

"ஐப்பசி மழை எறங்குற வரைக்கும்தான் மாமா" என்றாள் சந்திரலேகா. "அதுக்குள்ள இது ஓடுச்சின்னா எங்க வெக்கறதுன்னு பேசலாம். ஓடலன்னா கொளஞ்சி கடைக்கிப் போயிடணும். சாரல்ல நனஞ்ச மோட்டார்ல நான் கைய வெக்க மாட்டேன்." கொளஞ்சி காயலான் கடைக்காரன். வாசலில் கூடிய கூட்டத்தில் அவனும் நின்று, பெட்டியின் இரும்பைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

"எல்லாரு வூட்டு பொட்டியயும் ஓட வெக்கறன். இது ஓடாதா?" என்றான் இளவரசு.

பெட்டியின் பின்கதவைத் திறந்ததும் அவன் வாயிலிருந்து வழக்கமான சொல் வந்தது. "எவன்டா இதத் தொட்டது?" டி.வி. மெக்கானிக் எவனும் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் சொல்வது இதுதான். பழுதில் பாதி முன்னால் கைவைத்தவன் செய்தது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. அதனால் முதலில் அந்த ஆள் செய்த கோணலைச் சரிசெய்துவிட்டுத்தான் பழுதைத் தேடுவார்கள். இந்தப் பெட்டியில் பிக்சர் ட்யூப் ஒருக்களித்து நின்றது. டி.வி.யில் அகலமாகப் படுத்திருக்க வேண்டிய கண்ணாடி இங்கே உயரமாக நின்றுகொண்டிருந்தது. இளவரசு நாலு போல்ட்டைக் கழற்றி, ட்யூபை முறைப்படி படுக்கவைத்து, இறுக்கினான். பிறகுதான் மின்சாரம் கொடுத்தான்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அதில் அவனுக்குக் குழப்பம் இல்லை. கடல் காற்று பட்ட ஊர். மின்சுற்றுப் பலகையின் செம்புப் பற்கள் பச்சை பூத்திருந்தன. பள்ளிக்கூட ரப்பரால் பல் பல்லாகத் தேய்த்தான். ஐந்து வோல்ட் வர வேண்டிய இடத்தில் நாலே கால்தான் வந்தது, அதையும் ஏற்றினான். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை படம் வந்தது. எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்தது. விமானங்கள் சுவரில் பல்லி ஓடுவதுபோலப் பக்கவாட்டில் ஓடின. ஆட்டக் குச்சியை மேலே தள்ளினால் அவன் விமானம் வலது பக்கம் போனது.

தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் நிற்பதைப் பார்த்த சந்திரலேகா, "கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள்.

படம் சாய்ந்தால் செய்ய வேண்டியது என்ன என்பது கடைக்கு வந்த முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். ட்யூபின் கழுத்தில் மாட்டியிருக்கும் செம்புக் கம்பிச் சுருளை, யோக் என்பார்கள், தளர்த்தி லேசாகத் திருப்ப வேண்டும். அரை விரல்கடை திருப்பினாலே போதும். இதற்குக் கால்வட்டம் திருப்ப வேண்டியிருந்தது. கால்வட்டம் சாய்ந்த படத்தை அவன் இதுவரை பார்த்ததில்லை. இருந்தாலும் திருப்பினான். படம் எழுந்து நின்றது. ஆனால் மேலும் கீழும் கண்ணாடிக்கு வெளியே போய்விட்டது. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. மூலைகளில் ரோஸ் நிறம் கசிந்தது. கீழே இருக்க வேண்டிய அவனுடைய விமானத்தைக் காணவே இல்லை. எங்கிருந்தோ குண்டுகள் மட்டும் மேலே போயின.

ஆவணி முழுக்க அகலத்தைக் குறைத்தான், உயரத்தைக் கூட்டினான். அன்றாட மின்வெட்டு போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே போயிற்று. கடையில் மற்றவர்கள் பெட்டிகள் சொன்னபடி கேட்டன. வீட்டில் மட்டும் சரியான ஒவ்வொரு வேலையும் தவறான இடத்தில் போய் முடிந்தது. பலகை கெட்டதா, ட்யூப் கெட்டதா, தன் கண்ணா என்று தெரியவில்லை. சூர்யநாராயணனைக் கேட்கலாம்தான். ஆனால் கடை நடத்தியவரிடம் மெக்கானிக் போய்ச் சந்தேகம் கேட்பதா?

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் பின்கட்டில் தூறல் விழுந்தது. சந்திரலேகா கிரைண்டர் மேல் யூரியா சாக்கைப் போட்டாள். மறுநாள் காலை அவன் சிதம்பரம் பஸ் ஏறினான். பெட்டியின் பின்கதவுச் சாவி கேட்கப் போவதாக வீட்டில் சொன்னான். அங்கேயும் அதையே சொன்னான்.

"சாவியா, அது எப்பவோ போச்சு" என்றார் சூர்யநாராயணன். "படம் எப்படி இருக்கு?"

"இருக்குது சார். மூலையில கலருதான் கொஞ்சம் ஜாஸ்தி."

"ட்யூப் நின்ன வாக்குல இருக்கும், கவனிச்சிருப்பீங்க. ப்ளேன் ஆட்டத்துக்கு அப்படித்தான் வெக்கணும். கார் ஆட்டம்னா படுத்த வாக்குல. ஒரு தடவ சீர்காழியிலேந்து ஒரு மெக்கானிக் வந்தார். கேக்காம கொள்ளாம நேரா நிமித்தி வெச்சுட்டுப் போயிட்டார். ஒரு வாரம் தலைகீழா நின்னோம்."

"அப்பிடியா சார்" என்றான் இளவரசு. பிறகு, "வேல தெரியாத ஆளா?" என்று கேட்டான்.

"சேச்சே, கெட்டிக்காரர். அதான் சிக்கலே."

திரும்பும் பஸ்ஸில் புதுச்சத்திரம் தாண்டும்வரை அவனுக்கு ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. கோணல் என்று நினைத்துத் தான் திருத்தியவற்றில் எத்தனை கோணலே இல்லாமல் இருந்திருக்கும்? பதினேழு வருடத்தில் எத்தனை மூடிகள்? எத்தனை பேர் வீட்டில் அந்த டி.வி.க்கள் இப்போது ஓடுகின்றன, அல்லது ஓடாமல் இருக்கின்றன? ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. வராதது நிம்மதியாகவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பின்கதவைத் திறந்தான். உட்புறத்தில் அவனுடைய குண்டுக் கையெழுத்து: "ட்யூப் கோணல். நிமிர்த்தப்பட்டது. 27-7-2008." ட்யூபில் தேங்கிய மின்சாரத்தை ஸ்குரூ டிரைவரால் இறக்கிவிட்டு நாலு போல்ட்டையும் கழற்றி, ட்யூபைப் பழையபடி நின்ற வாக்கில் நிறுத்தி இறுக்கினான். யோக்கைத் திருப்புமுன் போட்டுவைத்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. அதற்கு நேராகத் திருப்பி வைத்தான். மாற்றிய அகலம், உயரம் எல்லாவற்றையும் குறிப்பைப் பார்த்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தான்.

படம் நிமிர்ந்து, முழுதாக, உயரமாக நின்றது. கீழே ஒரு சின்ன வெள்ளை விமானம்.

கையெல்லாம் மாவோடு வந்து நின்றாள் சந்திரலேகா. "எவன் கெடுத்து வெச்சிருந்தான்?"

"நாந்தான்."

கேலி செய்வாள் என்று அவன் காத்திருந்தான். "சரி, கட்டில எடுத்து வெளிய போடு" என்றாள். "கிரைண்டர் அதோட மூலைக்கி வரட்டும். இத கட்டிலு இருந்த எடத்துல நிறுத்து. நாம பாய் போட்டுக்கலாம்."

அப்படியே செய்தார்கள். பிளக் பாயின்டிலிருந்து அவன் பெட்டிக்குத் தனி வயர் இழுத்தான். கிரைண்டர் ஓடினால் படம் எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் சுருங்கியது, நிறுத்தினால் விரிந்தது. மாவு ஆட்டுகிற நேரத்தில் ஆட்டம் கிடையாது என்று முடிவாயிற்று. ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டு பெய்தபோது சந்திரலேகா மாவு ஆட்டி முடித்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். இளவரசு பெட்டி முன் நின்றான். எட்டு விநாடியில் விமானம் வெடித்தது. மறுபடி ஆடினான். ஏழு.

"அந்தச் செவப்புக் குண்டு வந்தா என்னா பண்ணணும்?" என்று திரும்பாமலேயே கேட்டான்.

"எனக்கு மட்டும் என்னா தெரியும்" என்றாள் சந்திரலேகா, தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே. "தள்ளு, பாக்கலாம்."