அபிஷேகத்துக்கு முன்னால் ஒரு படம்

காசுந்திப் புட்டியின் மூடியைத் திருகும்போது ஒரு காரம் கிளம்பி நேராக மூக்கின் உச்சியில் போய் உட்காரும். கடுகை ஊற வைத்து, புளிக்க விட்டு அரைத்த வங்காளச் சாந்து அது. அந்த வாசனையில் ஊருக்கெல்லாம் மீன் நினைவுக்கு வரும். எனக்கு வீடியோ கேசட் வரும். கூடவே ஒரு கறுப்புக் குடை, ஹவுராவின் ஒரு படித்துறை, எங்கள் கீழ்வீட்டு மாமா.

தொண்ணூறுகளின் கடைசியில் பாலிகஞ்சில் குடியிருந்தோம். பகலில் வங்கியில் கையெழுத்துகளைச் சரிபார்ப்பேன். சாயங்காலமானால் கால் தானாக ஜாதவ்பூர்ப் பக்கம் இழுக்கும். அங்கே ஏதாவது ஒரு கூடத்தில், பாதி நாற்காலி காலியாக, யாரோ ஒருவர் கைக்காசில் எடுத்த ஆவணப்படம் ஓடிக்கொண்டிருக்கும். மூடிய மில், இடம்பெயர்ந்த ஊர், கோபித்துக்கொண்ட நதி. எந்தக் கடையிலும் அவை கிடைக்காது. படம் முடிந்ததும் எடுத்தவரே ஜோல்னாப் பையோடு வாசலில் நிற்பார். மண்குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்து, படத்தில் வந்த மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினால், "ரெண்டு நாள்ல திருப்பிக் குடுத்துடணும், தீதி" என்று என்னை அக்காவாக்கிக் கேசட்டைத் தருவார். அந்த இரண்டு நாளில் நான் பிரதி எடுத்துவிடுவேன்.

பிரதி எடுக்க இரண்டு வீடியோ டெக் வேண்டும். ஒன்று எங்களுடையது, இன்னொன்று கீழ்வீட்டு மாமியுடையது. வெற்றுக் கேசட்டும் வேண்டும். அதை எதற்கு வாங்குவானேன்? வீட்டில்தான் குவிந்து கிடந்ததே! அந்தக் காலத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் சொந்தக்காரர்களுக்கு ஒரு கேசட் அனுப்பிவிடுவார்கள். கல்யாணம் செய்துகொண்டவர்களே அதை இரண்டாம் தரம் பார்ப்பதில்லை. அழிந்துவிடக் கூடாது என்று முதுகில் ஒரு சின்னப் பல்லை உடைத்துத்தான் தருவார்கள். அந்தப் பள்ளத்தில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டினால் போதும். பழைய கல்யாணம் சத்தம் போடாமல் எழுந்து புதிய படத்துக்கு இடம் விடும்.

மேலே ஒட்டிய சீட்டை மட்டும் நான் கிழிப்பதில்லை. நாத்தனார் நிச்சயதார்த்தத்துக்குள் சணல் ஆலைக் கதவடைப்பு. சித்தப்பாவின் கிரகப்பிரவேசத்துக்குள், கரையை அரித்து வீடுகளை விழுங்கும் நதி. யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்தலுக்குள் உண்ணாவிரதப் போராட்டம். அடுத்தவர் வீட்டுக் காதுகுத்தலை இரவல் கேட்டு யாராவது வருவார்களா? என் பொக்கிஷம் பட்டப்பகலில், கூடத்து அலமாரியில், பூட்டில்லாமல் பத்திரமாக இருந்தது. வந்த உறவினர்கள் வரிசையைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்குத்தான் என்ன குடும்பப் பாசம்!" என்று உருகினார்கள். என் கணவரும் அதை நம்பினார் என்பதுதான் இதில் விசேஷம்.

கல்யாணங்கள் நீளம், ஆவணப்படங்கள் குட்டை. ஆகவே ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஒரு வால் தொங்கும். பூட்டிய ஆலையின் வாசலிலிருந்து கடைசித் தொழிலாளி நடந்து மறைவார். திரை ஒருமுறை நடுங்கும். நாத்தனார் ஜாங்கிரியைக் கடிப்பாள்.

இப்படிச் சேர்ந்ததில் என் கண்மணி, ஒரு ஜாதவ்பூர் இளைஞன் ஹவுரா படகுத்துறையைப் பற்றி எடுத்த படம். ஆற்றைக் கடக்கிற ஜனங்கள், அவ்வளவுதான். கதை கிடையாது. கயிறு, அலை, செருப்பு, சைக்கிள். நடுவில் கேமரா படித்துறை ஓரத்து வறுவல் கடைக்குப் போகும். அங்கே ஒரு பெரியவர் நிற்பார். நெற்றியில் திருநீறு, கக்கத்தில் கறுப்புக் குடை. இடது பக்கம் பார்ப்பார், வலது பக்கம் பார்ப்பார். பிறகு ஃபிஷ் ஃப்ரையை எடுத்துக் காசுந்தியில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, உலகத்தை மறந்து ஒரு கடி.

கீழ்வீட்டு மாமா!

ஹவுராவில் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்தவர். தினமும் படகில் திரும்பி வந்து, கைகால் அலம்பி, சந்தியாவந்தனம் செய்துவிட்டுத்தான் காபியைத் தொடுவார். வெங்காயம் வதக்கினால் மாடிப்படியில் நின்று மூக்கைச் சுளிப்பவர். அவரைத் திரையில் கண்ட அன்றே முடிவு செய்துவிட்டேன். அந்தப் படத்தை, அவர்கள் எங்களுக்குத் தந்திருந்த அவருடைய சஷ்டியப்தபூர்த்தி கேசட்டிலேயே பதிந்தேன். பதிய அவர் வீட்டு டெக்கையே கேட்டு வாங்கினேன். படம் முடிந்து திரை நடுங்கியதும், சொம்பு சொம்பாகத் தலையில் நீர் விழ, மாமா மணையில் உட்கார்ந்திருப்பார். அங்கும் அதே கண் மூடல், அதே பரவசம். எது மீனுக்கு, எது மந்திரத்துக்கு என்று பிரித்துச் சொல்ல எந்தச் சாஸ்திரத்தாலும் ஆகாது.

சில வருடம் கழித்து, மாமாவும் மாமியும் வீட்டைக் காலி செய்துகொண்டு சென்னையில் பிள்ளையோடு இருக்கக் கிளம்பினார்கள். காலையில் போய் நமஸ்காரம் செய்துவிட்டு வந்தேன். மத்தியானம், படமெடுத்த இளைஞன் மூச்சு வாங்க வந்து நின்றான். அவனிடம் இருந்த மூலக் கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிட்டது. மறுநாள் ஜாதவ்பூரில் திரையிடல். அதைப் பார்த்துவிட்டு, அவனுடைய அடுத்த படத்துக்குக் கேமரா தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"உலகத்திலேயே உன்கிட்டதான் இருக்கு, தீதி."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும். பெருமையோடு அலமாரிக்குக் கையை நீட்டினேன். நிச்சயதார்த்தம் இருந்தது, காதுகுத்தல் இருந்தது. நடுவில் ஒரு பல் விழுந்த இடைவெளி.

"ஓ, அதுவா?" என்றார் கணவர், செய்தித்தாளைத் தாழ்த்தாமல். "போன வாரம் மாமி வந்து எடுத்துண்டு போனா. அவா கேசட்ல பூஞ்சை பிடிச்சுடுத்தாம். பேரனுக்குக் காட்டணும்னா. அவா விசேஷம்தானே, குடுத்துட்டேன்."

பிள்ளை, மாட்டுப்பெண், பேரன், சம்பந்திகள் எல்லாரும் டிவி முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருக்கும் காட்சி எனக்குள் ஓடியது. அலை, கயிறு, செருப்பு, அப்புறம் மாமா. சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் மனுஷிக்கு விக்கல்தான் வரும். விக்கிக்கொண்டே இளைஞனை இழுத்துக்கொண்டு ஹவுரா ஸ்டேஷனுக்கு டாக்சி பிடித்தேன்.

பாலத்தில் நெரிசல் என்றார் டிரைவர். பாபுகாட் படித்துறையில் இறங்கிப் படகு ஏறினோம். ரயில் போய்விடுமோ என்று நான் கடிகாரத்தையே பார்க்க, அவனோ தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, "வெளிச்சம் எப்படி இருக்கு பாரு, தீதி" என்றான். அக்கரையில் அதே படித்துறை, அதே கடை. கடுகுக் காரம் எதிரே வந்து வரவேற்றது. ஓடினோம்.

மாமி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாமா வெளியே நின்று மூட்டைகளை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி இது? காலம்பறதானே நமஸ்காரம் பண்ணிட்டுப் போனே. பாக்கி வெச்சுட்டியா?" என்றாள் மாமி.

"இல்ல மாமி. அந்த சஷ்டியப்தபூர்த்தி கேசட்..."

"அதைக் குடுக்க முடியாது" என்று மாமா முந்திக்கொண்டார். "தாத்தா எவ்வளவு ஆசாரமா இருந்தார்னு பேரனுக்குத் தெரிய வேண்டாமா? மெட்ராஸ்ல எதிராத்துக்காரா எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வெச்சுப் போடப்போறேன்."

அப்போதுதான் இளைஞன் அவரை நேராகப் பார்த்தான். மாதக்கணக்கில் எடிட்டிங் அறையில் பார்த்துப் பார்த்து உருப்போட்ட முகம். குடையைப் பார்த்தான். திருநீற்றைப் பார்த்தான்.

"மேஷோமோஷாய்!" என்று வங்காளத்தில் மாமா முறை சொல்லி அலறிக்கொண்டு காலில் விழுந்தான். "நீங்கதானே என் படத்து ஹீரோ!"

"யாருடா இவன்?" என்றார் மாமா, காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே.

"அந்தக் கேசட்ல இவன் எடுத்த படம் தவறுதலாப் பதிஞ்சுடுத்து, மாமா" என்றேன், நாக்கு கூசாமல். "படகுத்துறைப் படம். படிக்கட்டு ஓரமா ஒரு கடை இருக்கே, அங்கே வந்து போறவாளை எல்லாம் எடுத்திருக்கான்."

மாமா இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான், மாமா. ரொம்பக் கிட்டத்துலேர்ந்து."

அந்த வயதில் அவ்வளவு வேகத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பெட்டிக்குள் பாய்ந்து ஏறினார். டிரங்கைத் திறந்தார், படுக்கையை அவிழ்த்தார், சுவாமி படங்களை மாமியின் மடியில் இறக்கினார். "பாவம், சின்னப் பையன். அவன் உழைப்பை நாம எடுத்துண்டு போகலாமா? மகாபாவம்!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி தர்மம் பேசினார். கேசட் மட்டும் அகப்படவில்லை. எஞ்சின் ஊதியது. இளைஞனின் முகம் வெளிறிப்போயிற்று.

மாமி நிதானமாகத் தன் கைப்பையைத் திறந்தாள். தயிர்சாதத் தூக்குக்கும் விபூதிப் பொட்டலத்துக்கும் நடுவிலிருந்து கேசட்டை எடுத்து, ஜன்னல் கம்பி வழியாக அவன் கையில் வைத்தாள். அவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். மாமா நெற்றியைத் துடைத்தபடி, "ஒரு நல்ல காரியம் ஆச்சு. தண்ணி பிடிச்சுண்டு வரேன்" என்று கூஜாவோடு நழுவினார்.

அவர் முதுகு மறையும்வரை மாமி காத்திருந்தாள். பிறகு விரலை மடக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மாலை மாத்தினதை அழிச்சுட்டே. போறது, அது எனக்கு மனப்பாடம்."

"மாமி, நீங்க... எப்போ பாத்தேள்?"

"எடுத்துண்டு வந்த அன்னிக்கே. ரெண்டு தரம்." அவள் உதட்டோரம் என்னவோ துடித்தது. "வருஷக்கணக்கா சட்டையெல்லாம் கடுகு வாசனைடி. கேட்டா ஆபீஸ் கான்டீன் ஊறுகாய்ம்பார்."

ரயில் அசைந்தது. கூஜா தளும்ப மாமா ஓடிவந்து ஏறிக்கொண்டார். நான் ஜன்னலோடு நடந்தேன். மாமி கம்பியில் முகத்தை வைத்து, அவருக்குக் கேட்காமல் சொன்னாள்:

"அவன் வேலை முடிஞ்சதும் ஒரு காப்பி எடுத்து என் பேருக்கு அனுப்பு. கடைசியில அபிஷேகம் வர்றது பாரு, அதை மட்டும் வெட்டிடாதே."