பட்டு சுற்றிய கை

தொலைக்காட்சியில் மெக்சிகோக் குத்துச்சண்டைக்காரன் ஒருவன் கையில் பருத்தித் துணி சுற்றிக்கொண்டிருந்தான். சேனலை மாற்றிவிட்டேன்.

அறுபதுகளில் பிள்ளையார்பாளையத்தின் குத்துச்சண்டை நிபுணர் நான்தான், வயது பன்னிரண்டு. அமெரிக்கனுக்குப் பலம், மெக்சிகோக்காரனுக்குப் பிடிவாதம், ஜப்பான்காரனுக்கு வேகம் என்று பத்திரிகைப் படங்களை வைத்தே தீர்ப்பு வழங்குவேன். நிஜத்தில் ஒரு குத்தைக்கூடப் பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அண்ணன் நெசவாளர். அவ்வப்போது மெட்ராஸ் போய்க் காசுக்குக் குத்துபவர். பர்மாக்காரன் ஒருவனோடு மோதக் கிளம்பியபோது சிரித்துக்கொண்டே கேட்டார்: "நம்ம ஆளுங்ககிட்ட இன்னாப்பா ஸ்பெஷல்?"

"பட்டுண்ணா! அவன் பருத்திதானே சுத்திக்கினு வருவான்? பட்டு லேசுல அறாதுண்ணா."

"அதுவும் சரிதான்பா" என்று பழைய பட்டுப்புடவையைக் கிழித்து எடுத்துப் போனார்.

பட்டு அறவில்லை, வழுக்கியது. முதல் சுற்றிலேயே கட்டு நெகிழ்ந்து, வலது கட்டைவிரல் நொறுங்கிவிட்டது. இனி அந்தக் கையால் தறியில் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எறிய முடியாது என்றார் வைத்தியர்.

அண்ணன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "எவன்யா உன்னைப் பட்டு சுத்தச் சொன்னது?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்கேதான் தோணுச்சு" என்றார்.

"நான்கூட வேணாம்னுதான் சொன்னேன் அண்ணி" என்றேன் நான்.