ஒன்றரை நட்சத்திரப் படத்துக்கு ஒரு வக்கீல்

என் கணவரின் அக்கா தையல்கடை வைத்திருக்கிறார். நான் அவரை அண்ணி என்பேன், அவர் கணவரை அண்ணன் என்பேன். கால்சட்டை நீளம் குறைக்க அண்ணியிடம் வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளாக ஒரு படத்தைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டியிருந்தது. தப்பிக்க வழியே இல்லை. ஆளை முக்காலியில் ஏற்றி, கால்சட்டையின் ஓரத்தைச் சுற்றிக் குண்டூசி குத்திவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். அசைந்தால் யாருக்குக் குத்தும்?

கதை இவ்வளவுதான். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு ஒரு கணவனும் மனைவியும் வீட்டில் பேச்சில்லாமல் வாழ்கிறார்கள். கடைசியில் அவன் "சாப்பிட்டியா" என்று கேட்கிறான், படம் முடிந்துவிடுகிறது. விமர்சகர்கள் கிழிகிழியென்று கிழித்துவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்க இவ்வளவு நேரமா என்று எழுதி, ஒன்றரை நட்சத்திரம் கொடுத்திருந்தார் ஒருவர்.

"ஒண்ணுமே நடக்கலயாம்," என்று ஒரு வங்கி அதிகாரியிடம் பொரிந்து தள்ளினார் அண்ணி. "அவ தன் தட்டை கழுவிட்டு அவன் தட்டை எடுக்கப் போறப்ப கை அப்படியே நிக்குது. அது நடக்கிறது இல்லையா? இவங்களுக்கு வீடு பத்தி எரிஞ்சாத்தான் ஏதோ நடந்த மாதிரி."

பாவம் அந்த மனிதர், "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தலையாட்டினார். தலையைத்தான் ஆட்ட முடியும்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணி மலையாகக் கிடக்கிறது, இந்த அம்மாவுக்குப் படம் கேட்கிறது. உண்மையைச் சொன்னால், அண்ணியோடு போய்ப் பார்த்த எனக்கும் அது இழுவைதான். ஆனால் அண்ணி எதற்காக வாதாடுகிறார் என்று தெரியும், அதனால் அடுத்த பட்டனை எடுத்துக்கொண்டேன். அவருடைய மகளும் கல்யாணமாகி எங்கோ தொலைவில் இருக்கிறாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன், அவள் போனதிலிருந்து "ம்" என்பதைத் தாண்டியதில்லை. அவர் தன்னோடு உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் அண்ணியின் ஆசை. கூப்பிடும்போதெல்லாம் அவர் பத்திரிகையில் நட்சத்திரத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார். இதற்குள் வியாழனோடு படத்தைத் தூக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்தது.

அந்த வியாழன் மதியம் புதுக் கால்சட்டையோடு அண்ணன் கடைக்கு வந்தார். நீளம் அதிகம். அண்ணி முக்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

"சாயங்காலம்தான் கடைசி ஷோ," என்றார் அண்ணி, குத்திக்கொண்டே.

"ம்."

"எனக்காக வரக்கூடாதா?"

"நல்லா இல்லன்னு எல்லாரும் சொல்றாங்களே."

"நான் எல்லாரோடயுமா குடும்பம் நடத்துறேன்? வீட்ல எனக்குப் பேச ஆளில்லங்க. அதை நேரா சொல்லத் தெரியாமத்தான் படத்துக்குக் கூப்பிடுறேன்."

அண்ணியின் குரல் உடைந்துவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, முக்காலியிலிருந்து இறங்கப் பார்த்தார். கால் வரவில்லை. பேச்சு மும்முரத்தில் அண்ணி கால்சட்டையின் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார். அண்ணன் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். குனிந்து பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஊசிய எடு, வரேன். விட்டா சட்டையையும் சேத்துக் குத்திருவ."

என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். படம் முடிந்து வெளியே வந்ததும் அண்ணி அவர் முகத்தையே பார்த்தார்.

"சுத்த போர்," என்றார் அண்ணன்.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அந்த ஆளு மக நினைப்பாவே உக்காந்திருக்கானே, ஒரு போன் போட்டா என்ன? பொண்டாட்டி தட்டை எடுக்கிறா, எழுந்து வாங்க வேண்டாமா? நானா இருந்தா எழுந்திருப்பேன்."

"கிழிச்சீங்க. நேத்து யாரு எடுத்தா?"

"அது வேற, இது வேற."

பேருந்து நிறுத்தம் வரை விடவில்லை இருவரும். பேருந்து வந்தது, நான் மட்டும்தான் ஏறினேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"இரு, இரு," என்றார் அண்ணன். "நான் இன்னும் பேசி முடிக்கல."