நீலப்போனுக்குள் கச்சான்

மண்டைக்காடு புதூர் கடற்கரையில் ஏசுஅடிமையின் மகள் பெபிஷாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "திருவனந்தபுரத்துல நல்ல வேலையில இருந்தா, விட்டுட்டு வந்துட்டா" என்றுதான் முதலில் சொல்வார்கள். ஏன் விட்டாள் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் வரும். உண்மையான காரணத்தை அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள். கேட்டவர்களுக்கு அது ஒரு காரணமாகவே படாததால் யார் மனதிலும் நிற்கவில்லை.

அவள் வேலை பார்த்த கம்பெனி செல்போன்களுக்கு மென்பொருள் எழுதிக்கொடுத்தது. போன் உறங்குவதும் விழிப்பதும் அவள் பொறுப்பு. திரை அணைந்து சட்டைப் பையில் கிடக்கும் போன் உண்மையிலேயே உறங்குகிறதா, அழைப்பு வந்தால் உடனே விழிக்கிறதா, பேட்டரியை எவ்வளவு தின்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மாடலில் போன் காரணமே இல்லாமல் விழித்தது. எதையோ எங்கேயோ அனுப்பிவிட்டு மறுபடி உறங்கிப்போனது. அவள் தேடிக்கொண்டு போனாள். சிப் செய்தவர்கள் மூடித் தந்திருந்த ஒரு பகுதியில் தடம் நின்றுவிட்டது. மேலதிகாரியிடம் கேட்டாள்.

"அது நமக்குள்ளது இல்ல பெபிஷா. அவன் அடச்சுத் தந்த பெட்டி. தொறக்கண்டாம், கேக்கவும் வேண்டாம்" என்றார் அவர்.

கையில் வைத்திருப்பவனுக்குத் தெரியாமல் ஒரு போன் பேசுமென்றால் அது யாருடைய போன்? இந்தக் கேள்வி அவளைச் சோறு தின்ன விடவில்லை. கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு ரயிலேறி வந்துவிட்டாள். தலையில் மீன் சுமந்து விற்று அவளைப் படிக்க வைத்த அம்மா பேபி நெடுநாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பல நாடுகளில் சிதறிக் கிடந்த சிலர் சேர்ந்து போனுக்கென்று ஒரு இயங்குதளம் உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். முழுக்க முழுக்கக் கட்டற்ற மென்பொருள். யாரும் படிக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மூடிய பெட்டி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்கள். பெபிஷா அவர்களோடு சேர்ந்தாள். வயிற்றுப்பாட்டுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்தாள். மிச்ச நேரமெல்லாம் இதற்குத்தான்.

அந்தப் பிடிவாதத்துக்கு விலை இருந்தது. ஒரு மாடலில் கேமரா வேலை செய்யாது. இன்னொன்றில் வைஃபை கிடைக்காது. மூடிய பெட்டி செய்யும் வேலையைத் தாங்களே முதலிலிருந்து எழுத வேண்டும். வருடக்கணக்கில் எழுதி முடிக்கும்போது அந்த மாடலைத் தயாரிப்பதையே கம்பெனி நிறுத்தியிருக்கும். மறுபடி வேறொரு மாடலில் முதலிலிருந்து தொடங்குவார்கள். குளச்சலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்டார்கள். அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். மாப்பிள்ளையின் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "படம் எடுக்காத போனா மக்கா?" என்று கேட்டார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

உறங்குவதும் விழிப்பதும் இங்கேயும் அவள் பங்காயிற்று. அந்தப் பகுதியை முழுக்க அவளே எழுதினாள். அதற்குக் கச்சான் என்று பெயர் வைத்தாள். அப்பா ஏசுஅடிமை மேற்கிலிருந்து வரும் காற்றுக்குச் சொல்லும் பெயர். அவளுடைய வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு அது வாயில் நுழையவில்லை. ஆனாலும் மாற்றச் சொல்லவில்லை. போனைத் திறக்கும்போது திரையின் அடியில் ஒரு கணம், 'கச்சான் விழிக்கிறது' என்று ஒரு வரி வந்து மறையும்.

அந்த வரியைத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அனிஷின் கையில் பார்த்தாள்.

அனிஷ் அப்பாவின் வள்ளத்தை ஓட்டுகிறவன். மீன் ஏற்றுமதி செய்யும் வெளியூர்க் கம்பெனி ஒன்று அந்தக் கரையிலுள்ள வள்ளங்களுக்கெல்லாம் இலவசமாக நீலநிறப் போன் ஒன்று கொடுத்திருந்தது. காற்று, மழை எச்சரிக்கை அதில் வரும். என்ன மீன், எவ்வளவு, எங்கே பட்டது என்று கடலிலேயே அதில் பதிந்துவிட்டால், கரைக்கு வரும்போது ஐஸ் போட்ட வண்டி தயாராக நிற்கும். அனிஷ் போனைத் திறந்து காட்டினான். கச்சான் விழித்தது.

"ஏலே, இது நான் எழுதுனதாக்கும்!" என்று கத்திவிட்டாள் பெபிஷா.

"நீயா? இதையா?"

"உள்ள கிடக்கது எல்லாம் எங்களுக்குள்ளது. இந்த எழுத்தப் பாரு."

அடுக்களையிலிருந்து பேபி ஓடிவந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அந்த வரியை இரண்டு முறை திறக்கச் சொல்லிப் பார்த்தாள். வேலையை விட்டுவிட்டு வந்த மகளைப் பற்றி ஊரில் சொல்ல அவளுக்கு ஒரு பேச்சு கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் கோயில் முற்றத்தில், "நம்ம வள்ளத்துல உள்ள போனெல்லாம் எனக்க மக செஞ்சது கேட்டியா" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பெபிஷா கூச்சப்பட்டாள். ஆனால் தடுக்கவில்லை.

சில மாதங்கள் கழிந்தன. கரையில் மீனை விற்பது ஏசுஅடிமையின் வேலை. முன்பெல்லாம் வள்ளம் கரையேறியதும் நாலைந்து வியாபாரிகள் வந்து எட்டிப் பார்த்து, போட்டி போட்டு ஏலம் கேட்பார்கள். இப்போது கம்பெனிதான் பெரும்பாலும் எடுத்தது. மற்ற வியாபாரிகள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். கம்பெனிக்காரன் வள்ளத்துக்குள் பார்ப்பதுகூட இல்லை.

"மக்கா, நம்ம வள்ளம் கண்ணுல தட்டுப்படும் முன்னயே அவனுக்கு எல்லாம் தெரியுது" என்றார் ஏசுஅடிமை. "இன்னைக்கு கரையில எல்லாவனுக்கும் சூரை மீன்தான்னு அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவன் கொறச்சுச் சொல்லுத வெலைய நான் வேண்டாம்னா அழுகிப்போற மீன வச்சு என்ன செய்ய?"

பெபிஷா நீலப்போனை வாங்கி ஒரு பகல் முழுக்க ஆராய்ந்தாள். ஆழக்கடலில் டவர் கிடையாது. கரையை நெருங்கும்போது டவர் கிடைத்த அந்த நிமிடம் போன் விழித்து, பதிந்தது எல்லாவற்றையும் கம்பெனிக்கு அனுப்பியது. வள்ளம் எங்கெங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதும் போயிற்று. மீனவனின் கையிலிருந்த போன் மீன் வாங்குகிறவனுக்காக உழைத்துக்கொண்டிருந்தது.

தன் கையால் எழுதியதைத் திருத்துவது பெரிய காரியமில்லை என்று நினைத்தாள். கேபிளைச் செருகினாள். 'அனுமதிக்கப்பட்ட மென்பொருள் அல்ல' என்று திரை சொன்னது. கம்பெனி தன் முத்திரை இல்லாத எதையும் ஏற்காதபடி அடியிலேயே பூட்டுப் போட்டிருந்தது. எந்தப் பூட்டுக்குப் பயந்து வேலையை விட்டுவந்தாளோ அதே பூட்டு. இந்தத் தடவை உள்ளே இருந்தது அவளுடைய எழுத்து.

கம்பெனியின் கிளை மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்தது. பிரதீஷ் என்பவர் பொறுப்பாளர். களியக்காவிளைக்காரர், மரியாதையான மனிதர். அவள் யாரென்று தெரிந்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீங்களா மேடம் அது? இந்தப் பக்கத்து ஆளுன்னு எங்க பிள்ளைக சொல்லவே இல்லியே. நல்ல சாதனம் மேடம். ஒரு கம்ப்ளெய்ன்ட் கிடையாது."

"இதக் கட்டற்றதாத்தான் குடுத்தோம். வாங்குறவனுக்கும் அந்த உரிமை போகணும்."

"போயிருக்கே மேடம். சோர்ஸ் கோட் அப்படியே வெப்சைட்ல போட்டிருக்கோம். யாரும் எடுத்துப் படிக்கலாம்."

"படிச்சு என்ன செய்ய? திருத்திப் போட முடியல்லியே. பூட்டி வச்சிருக்கீங்கல்லா?"

பிரதீஷ் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிற்பாடு நினைத்து நினைத்து எரிந்தது. "பூட்டக்கூடாதுன்னு ஒங்க லைசென்ஸ்ல எங்க எழுதியிருக்கு மேடம்? எங்க வக்கீல் பாத்துட்டுத்தான் செஞ்சோம்" என்றார்.

எழுதியிருக்கவில்லை. அவள் கூட்டாளிகளுக்கு எழுதினாள். அவர்களில் பழையவர், அவளுக்கு வேலையெல்லாம் சொல்லித் தந்தவர், முதலில் பதில் போட்டார். நம் இயங்குதளம் இவ்வளவு பேர் கைக்குப் போவது இதுதான் முதல் முறை என்று வாழ்த்தியிருந்தார். பிறகு கொஞ்ச நாள் வாக்குவாதம் நடந்தது. இனி வரும் பதிப்புகளுக்கு உரிமத்தை மாற்றலாம் என்றார்கள் சிலர். அப்படிச் செய்தால் யாரும் எடுக்கமாட்டார்கள் என்றார்கள் மற்றவர்கள். பேச்சு தேய்ந்து நின்றது.

அதற்கிடையில் ஜெயசிங் சார் கூப்பிட்டார். களியக்காவிளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். கடையில் வாங்கிய போன்களில் வாசித்துச் சொல்லும் குரல் ஒவ்வொரு அப்டேட்டிலும் மாறிப்போக, வெறுத்துப்போய் பெபிஷாவைத் தேடிவந்தவர். அவருக்குப் பழகிய குரலை அப்படியே நிலைக்க வைத்து அவள் ஒரு போன் தயார் செய்துகொடுத்திருந்தாள். அதில் ஒரே குறை, சார்ஜ் நிற்பதில்லை.

"மத்தியானம் கழிஞ்சா இந்தப் போனு செத்துப்போவும் பெபிஷா. அப்பம் நான் இன்னொருக்க குருடனாவேன்" என்றார்.

அந்தக் குறை ஏன் என்று அவளுக்குத் தெரியும். உறக்கத்தில் தேவையில்லாமல் போன் விழித்துக்கொண்டிருந்தது. திருத்தமும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். ஆனால் வெளியிடவில்லை. வெளியிட்டால் கம்பெனி அதை எடுத்து முத்திரை குத்தி நீலப்போனுக்கும் அனுப்பிவிடும். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுக்கும் வழி கட்டற்ற மென்பொருளில் கிடையாது. யோசித்துப் பார்த்தாள். நீலப்போன் செய்கிற கெடுதலை ஏற்கெனவே செய்துகொண்டுதானே இருக்கிறது, சார்ஜ் கூடுதலாக நின்றால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று தோன்றியது. வெளியிட்டுவிட்டாள். ஜெயசிங் சார் கூப்பிட்டு, சாயங்காலம் வரை போன் பேசியது என்று சொன்னார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அவள் வீட்டில் இருந்தபோது அனிஷ் கடலிலிருந்து வந்தான். குளிக்கக்கூடப் போகாமல் நீலப்போனை அவள் முன்னால் வைத்தான்.

"யக்கா, இந்தப் போனு இப்பம் ஏன் சாவமாட்டங்குது?"

"சார்ஜ் நிக்கணும்னு நாந்தான் திருத்துனேன். நல்லதுதானே?"

அனிஷ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீயா?" என்றான். முதல் தடவை கேட்ட அதே கேள்விதான். குரல் வேறாக இருந்தது.

"ரெண்டு நாளு கடல்ல கிடந்தா முன்ன இது செத்துரும். மீன் நல்லாப் பட்ட அன்னைக்கு நாங்க சார்ஜ் போடமாட்டோம். கரைக்கு வந்து, போனு செத்துட்டுன்னு சொல்லுவோம். அவனுக்குக் கணக்கு தெரியாது. வள்ளத்துல எட்டிப் பாத்துத்தான் வெல பேசணும். அப்பிடித்தான் ரெண்டு காசு பாத்தோம். எல்லா வள்ளக்காரனும் அதத்தான் செஞ்சான்."

"அணைச்சு வச்சிருக்கலாமே, ஏலே?"

"அணைச்சா அது எழுதி வச்சிருமே. கைவச்சு அணைச்சதுன்னா ஒருமாதிரி, தானாச் செத்ததுன்னா வேற மாதிரி. அணைச்சவனுக்கு மறுநாளு வண்டி வராது."

அதுவும் கச்சானின் வேலைதான். போன் எதனால் நின்றது என்று தெரிந்தால்தான் பிழையைத் திருத்த முடியும் என்று அவள்தான் அதை எழுதியிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் விட்டிருக்கமாட்டேனே."

"எப்பிடிச் சொல்ல? ஒங்க கூட்டத்துல ஒளிவுமறைவு ஒண்ணும் கிடையாதுன்னு நீதானே சொல்லுவ. எதுக்கு மாத்துனேன், எதுக்கு நிறுத்துனேன்னு எல்லாம் எழுதிப் போடுவ. அத பிரதீஷுக்க ஆளுவளும் இருந்து படிப்பானுவ. ஒனக்குத் தெரிஞ்சா அவனுக்குத் தெரிஞ்ச மாதிரிதான்."

பேபி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். மகளைத் திட்டவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு பேபி ஊர்க் கோயிலுக்குப் போகவில்லை. குளச்சலில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள்.

திருத்தத்தைத் திரும்பப் பெற வழி இருக்கவில்லை. கொடுத்ததை யாரும் திரும்பப் பறிக்க முடியாது என்பதற்காகவே எழுதப்பட்ட உரிமம் அது. பெபிஷா கச்சானின் பொறுப்பிலிருந்து விலகினாள். மிகவும் வருந்துவதாகக் கூட்டாளிகள் எழுதினார்கள். வேறு நாட்டில் ஒரு ஆள் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நல்ல திறமைசாலி. வேலை ஒரு நாளும் நிற்கவில்லை.

மார்ச்சில் அனிஷ் கத்தாருக்கு மீன்பிடி வேலைக்குப் போனான். அப்பாவால் தனியாக வள்ளம் இறக்க முடியாது. என்ஜினை விற்றார்கள். வள்ளம் மணலில் ஏறிக் கிடந்தது. கடலுக்குப் போகாத வள்ளத்துக்கு நீலப்போன் எதற்கு என்று கம்பெனி திருப்பிக் கேட்டது. பெபிஷாதான் வகுப்பு முடிந்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பிரதீஷ் பழைய மரியாதையோடு நாற்காலி போட்டார். போனை வாங்கித் திறந்து சரிபார்த்துவிட்டு, "பேட்டரி இப்ப நல்லா நிக்குது மேடம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆந்திரா பக்கமும் குடுக்கப் போறோம். உள்ள தெரிஞ்ச ஆளு ஒருத்தர் எங்களுக்கு வேணும். நீங்க வந்தா நல்லாருக்கும். அப்பாவுக்கும் இப்ப வேல இல்லைன்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

முகத்தில் அறைந்தது போல் ஒரு பதில் அவளிடம் இருந்திருக்க வேண்டும். முந்தின வருடம் கேட்டிருந்தால் இருந்திருக்கும்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

கீழே துணிக்கடை வாசலில் ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். மேம்பாலத்துக்கு அடியில் குளச்சல் பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அவள் உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தாள்.